தண்ணீரை நிறுத்தாதீர்கள், தண்ணீரின் இடத்தை மாற்றுங்கள்

வாத்து வளர்க்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், முதலில் வருவது முட்டைக் கணக்குத்தான். காக்கி கேம்ப்பெல் இனத்தை நன்றாகப் பராமரித்தால் ஆண்டுக்கு 250 முட்டைக்கு மேல் இடும் என்பார்கள். அது பொய்யல்ல. வாத்து முட்டை கோழி முட்டையைவிடப் பெரிது, வயலில் விட்டால் நத்தையும் புழுவும் தின்று பாதி வயிற்றை அதுவே நிரப்பிக்கொள்ளும் என்பார்கள். அதுவும் பொய்யல்ல. ஆனால், நீங்கள் வாங்கி வரும் ஒரு நாள் குஞ்சுக்கும் வயலில் இறங்கும் வாத்துக்கும் நடுவே மூன்று, நான்கு வாரங்கள் இருக்கின்றன. அந்த நாட்களில் குஞ்சுகள் வீட்டுக்குள்ளோ, வீட்டை ஒட்டிய தாழ்வாரத்திலோதான் இருக்கும். அந்த மூன்று வாரத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

பேசாததற்கு ஒரு காரணம் உண்டு. அந்த நாட்களின் வேலை பெரும்பாலும் எச்சம் அள்ளுவதும், ஈரம் துடைப்பதும், சாக்கு அலசுவதும்தான். அதைச் செய்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். செலவுக் கணக்கு எழுதும் நோட்டில் அந்த வேலைக்கு இடம் கிடையாது. நான் அந்த வேலையைச் செய்தவள். செய்யத் தெரியாமல் செய்து குஞ்சுகளைச் சாகக் கொடுத்தவள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்பது குஞ்சுகள்

எங்களுடையது காவிரிக் கடைமடைப் பகுதியில் ஒரு சிறிய ஊர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்தில் என் கணவர் 25 வாத்துக் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்து வந்தார். விற்றவர் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: "தண்ணி வைங்க, தீவனம் போடுங்க, தானா வளரும்." அடைமழைக் காலம். மாட்டுக் கொட்டகையில் ஒழுகல். எனவே சமையலறையை ஒட்டிய தாழ்வாரத்தில் செங்கல் அடுக்கித் தடுப்பு கட்டி, பழைய செய்தித்தாளை விரித்து, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டோம். ஓர் அகலமான பேசினில் தண்ணீர் வைத்தோம்.

முதல் நாள் தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து பார்த்தார்கள். நான்காம் நாள் யாரும் வரவில்லை. நாற்றம் அப்படி. குஞ்சுகள் பேசினுக்குள் ஏறி இறங்கின. தீவனத்தை வாயில் அள்ளி ஓடிவந்து தண்ணீரில் அலசின. அந்த அலகோடு தீவனத் தட்டுக்கு ஓடி அதையும் கூழாக்கின. செய்தித்தாள் ஒரு மணி நேரத்தில் ஊறிப்போகும். ஒரு நாளைக்கு ஆறு முறை மாற்றினேன். சமையல், மாடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் நடுவே ஆறு முறை.

என் மாமியாருக்கு அங்கே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. "தண்ணிய எடுத்துடும்மா. வேணுங்கறப்ப காட்டுனா போதும். ஈரம் இல்லேன்னா நாத்தமும் இல்ல" என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது. காலை, மதியம், மாலை என மூன்று வேளை மட்டும் தண்ணீர் காட்டினேன். தரை காய்ந்தது. நாற்றமும் குறைந்தது. இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன்.

மூன்றாம் நாள் சில குஞ்சுகளின் கண்ணோரம் பிசுபிசுவென ஒட்டியிருந்தது. மூக்குத் துவாரத்தில் தீவனம் அப்பிக் காய்ந்திருந்தது. ஒரு குஞ்சு உலர்ந்த மாவுத் தீவனம் தொண்டையில் அடைத்துத் தலையை நீட்டி நீட்டித் திணறியது. பயந்துபோய் அன்று மாலை பேசின் நிறையத் தண்ணீர் வைத்தேன். அத்தனையும் பாய்ந்து வந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி, முழுக்க நனைந்தன. இரவு மழையில் கரண்ட் போனது. பல்பு அணைந்தது. விடிந்து பார்த்தபோது மூலையில் குவியலாகக் கிடந்தவற்றில் ஏழு செத்திருந்தன. அடுத்த இரண்டு நாளில் இன்னும் இரண்டு.

மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன். மருத்துவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "தண்ணிய ஏம்மா நிறுத்துனீங்க? தண்ணி இருக்கிற இடத்த மாத்தியிருக்கலாமே?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை முழுவதும்.

அழுக்கு எங்கிருந்து வருகிறது?

வாத்துக் குஞ்சு அழுக்கான பிராணி என்று நாம் சொல்கிறோம். அது ஒரு நீர்ப்பறவை என்பதை மறந்துவிட்டுச் சொல்கிறோம். வயல்வெளியில் பொரிக்கும் குஞ்சுகளைத் தாய் வாத்து ஓரிரு நாளிலேயே தண்ணீருக்கு அழைத்துப் போய்விடும். அங்கே அது அலசுவதும் கழிப்பதும் குளத்தோடு போகும். யார் கண்ணுக்கும் அழுக்காகத் தெரியாது. அதே குஞ்சை நாலடி இடத்தில் அடைக்கும்போது குளத்தில் நடக்க வேண்டியதெல்லாம் நம் தாழ்வாரத்தில் நடக்கிறது.

வாத்து ஏன் இப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொண்டால் கோபம் பாதி குறையும். கோழிக் குஞ்சு தீவனத்தைக் கொத்தி விழுங்கும். வாத்தின் தட்டை அலகு நீரை அலசி இரை பிரிப்பதற்காக அமைந்தது. உலர்ந்த தீவனம் அலகில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்தால்தான் இறங்கும். மூக்குத் துவாரத்தையும் கண்ணையும் கழுவிக்கொள்ள அதற்குத் தலை அமிழும் அளவு தண்ணீர் வேண்டும். இத்தனை தண்ணீரும் உள்ளே போனால் வெளியே வர வேண்டுமே. வாத்தின் எச்சத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

ஆக, ஈரம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று எச்சம், மற்றொன்று சிந்தும் தண்ணீர். எச்சத்தை நம்மால் தடுக்க முடியாது. சிந்துவதைத் தடுக்க முடியாவிட்டாலும், எங்கே சிந்த வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம். என் அனுபவத்தில் கூளத்தை நாறடிப்பது பெரும்பாலும் இந்தச் சிந்தும் தண்ணீர்தான். அதைக் கட்டுப்படுத்தினால் வேலை பாதிக்கு மேல் குறைகிறது.

தண்ணீர் மூலை

மிச்சமிருந்த 16 குஞ்சுகளுக்காக நாங்கள் செய்தது இதுதான். செலவு அதிகம் இல்லை.

குஞ்சுகள் இருக்கும் இடத்தில் ஒரு மூலையை, மொத்த இடத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, தண்ணீருக்கென ஒதுக்குங்கள். அந்த மூலையில் ஓர் அகலமான பிளாஸ்டிக் தட்டு அல்லது டப் வையுங்கள். அதன் மேல் மரச் சட்டத்தில் அறைந்த அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வலையைப் பொருத்துங்கள். கண் அதைவிடப் பெரிதாக இருந்தால் குஞ்சின் கால் இறங்கி மாட்டிக்கொள்ளும். கம்பி முனைகள் மேலே நீட்டிக்கொண்டிராமல் மடக்கிவிடுங்கள். தண்ணீர்ப் பாத்திரம் இந்த வலையின் மேல்தான் இருக்க வேண்டும். சிந்துவதெல்லாம் கீழே உள்ள தட்டில் விழும். காலை, மாலை இரு வேளை அந்தத் தட்டை எடுத்துக் கொட்டினால் போதும்.

வலை தரையைவிட உயரமாக இருந்தால், குஞ்சு ஏற ஒரு சாய்வுப் பலகை வையுங்கள். அதன் மேல் சாக்குத் துண்டை ஆணி அடித்து ஒட்டினால் வழுக்காது. முதல் இரண்டு நாள் குஞ்சுகளைக் கையில் எடுத்து அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்ட வேண்டும். அதன் பிறகு அவையே வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

பாத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலை போக வேண்டும், உடம்பு போகக் கூடாது. இதுதான் விதி. பழைய ஐந்து லிட்டர் தண்ணீர் கேனின் பக்கவாட்டில் குஞ்சின் தலை நுழையும் அளவுக்கு மூன்று, நான்கு துளைகளை வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுப்பி, துளைக்குக் கீழே நிற்கும் அளவு தண்ணீர் ஊற்றினோம். குஞ்சுகள் தலையை விட்டுக் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொண்டன. ஏறிக் குளிக்க வழியில்லை. குஞ்சு வளர வளரத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும், தண்ணீர் மட்டத்தையும் கூட்ட வேண்டும். கடையில் கிடைக்கும் கவிழ்ப்பு வகைத் தண்ணீர்க் கலமும் முதல் வாரத்துக்கு உதவும். அதன் பிறகு வாத்துக்கு அதன் ஆழம் போதாது.

தீவனத் தட்டு எங்கே இருக்க வேண்டும்? இதில்தான் பலர் தவறுகிறார்கள். தண்ணீர் ஒரு கோடியிலும் தீவனம் மறுகோடியிலும் இருந்தால், குஞ்சு வழியெல்லாம் கூழைச் சிந்திக்கொண்டே ஓடும். தீவனத் தட்டை வலையின் விளிம்பை ஒட்டி, தண்ணீரிலிருந்து ஓரிரு அடி தூரத்துக்குள் வையுங்கள். தண்ணீர் இல்லாமல் தீவனம் மட்டும் ஒருபோதும் இருக்கக் கூடாது. முதல் வாரம் இரவும் பகலும் இரண்டும் இருக்கட்டும். குஞ்சுகள் தேறிய பிறகு, இரவில் சில மணி நேரம் எடுத்து வைக்க விரும்பினால் தண்ணீரையும் தீவனத்தையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். காலையில் முதலில் தண்ணீர், பிறகு தீவனம்.

தட்டில் சேரும் கழிவு நீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். நிறையத் தண்ணீர் கலந்து வாழைக்கும் தென்னம் பாத்திக்கும் ஊற்றுங்கள். எங்கள் கொல்லை வாழைக்கு அந்த மூன்று வாரமும் வேறு உரமே போடவில்லை. பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, வெங்காயத்தாள் போன்றவற்றுக்கு மட்டும் ஊற்ற வேண்டாம்.

கீழே என்ன போடுவது?

செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். ஈரமான காகிதம் வழுக்கும். பிஞ்சுக் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து, குஞ்சு எழ முடியாமல் முடமாகிவிடும். முதல் மூன்று, நான்கு நாள் சணல் சாக்கை விரியுங்கள். கால் ஊன்றப் பிடிப்பு இருக்கும். உமியையும் தூளையும் தீவனம் என்று நினைத்துத் தின்னும் வயதில் அதுவே பாதுகாப்பு. இரண்டு சாக்கு இருந்தால் ஒன்றை அலசிக் காயப்போட்டு மற்றொன்றை விரிக்கலாம்.

அதன் பிறகு உமி, தென்னை நார்க் கழிவு, கடலைத் தோல் என எது ஊரில் மலிவோ அதை மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். நன்கு காய்ந்திருக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலோ உமியோ ஆகவே ஆகாது. அந்தப் பூஞ்சண வித்து குஞ்சின் நுரையீரலில் இறங்கினால் மூச்சுத் திணறிச் சாகும். தினமும் ஒரு முறை கிளறிவிடுங்கள். கட்டி தட்டிய இடத்தை மட்டும் அள்ளிவிட்டு மேலே புதிய உமியைத் தூவுங்கள். தினமும் முழுக்க மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

நாற்றம் அடித்தால் சுண்ணாம்புத் தூளைத் தூவுவது நம் பக்கத்து வழக்கம். ஈரக் கூளத்தில் அது எதிர்மாறாக வேலை செய்யும். சுண்ணாம்பு சேர்ந்து காரத்தன்மை கூடினால் கூளத்தில் இருக்கும் அமோனியா இன்னும் வேகமாக வெளியேறும். பிஞ்சுக் கால்களையும் அரிக்கும். நாற்றத்துக்கு மருந்து காய்ந்த உமியும் காற்றோட்டமும்தான்.

நாற்றத்தைச் சோதிக்கவும் ஒரு முறை உண்டு. நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது. குஞ்சின் உயரத்துக்குக் குனிந்து, கூளத்தின் அருகே ஒரு நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் அவற்றின் கண்ணும் எரிகிறது. அவை இரவும் பகலும் அந்த மூச்சைத்தான் விடுகின்றன.

இட நெருக்கடியும் அழுக்கின் ஒரு காரணம். முதல் வாரம் ஒரு குஞ்சுக்கு அரை சதுர அடி போதும். மூன்றாம் வாரத்தில் ஒரு சதுர அடிக்குக் குறையக் கூடாது. 25 குஞ்சுக்கு ஐந்தடிக்கு ஐந்தடி வேண்டும். அந்த இடம் வீட்டில் இல்லையென்றால் 25 வாங்காதீர்கள், பத்து வாங்குங்கள்.

சூடும் ஈரமும்

கூளம் காய்ந்திருந்தால் பாதி சூட்டுப் பிரச்சினை தீர்ந்தது. நனைந்த குஞ்சுக்கு எத்தனை பல்பு போட்டாலும் போதாது. முதல் வாரம் குஞ்சு இருக்கும் மட்டத்தில் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி என்ற அளவில் குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர். ஓரங்களுக்கு ஓடி அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். இடம் முழுக்கப் பரவிப் படுத்திருந்தால் சரியான அளவு. சித்திரை, வைகாசியில் நம் பக்கத்தில் பகலில் பல்பே தேவைப்படாது. ஆனால் விடியற்காலை மூன்று மணிக் குளிரை மறந்துவிடாதீர்கள்.

இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. இப்போது கடைகளில் எளிதில் கிடைப்பது எல்.இ.டி. பல்பு. அது வெளிச்சம் தரும், குஞ்சுக்குப் போதுமான சூடு தராது. கேட்டு வாங்கும்போது பழைய இழை பல்பு அல்லது கோழிப் பண்ணைக்கான அகச்சிவப்பு பல்பு என்று சொல்லி வாங்குங்கள். எரியும் பல்பு உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும். ஒயரை மட்டும் நம்பாமல் சங்கிலியிலும் கட்டுங்கள். கரண்ட் போகும் ஊரில், வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டிலைச் சாக்கில் சுற்றி நடுவில் வைத்தால் சில மணி நேரம் தாங்கும். அன்றிரவு எனக்கு இது தெரிந்திருந்தால் ஏழு குஞ்சில் சிலவாவது பிழைத்திருக்கும்.

வாத்துதானே, நீந்தட்டும் என்று பிள்ளைகள் அண்டாவில் விடுவார்கள். தாயின் அரவணைப்பில் இல்லாத, பொரிப்பகத்தில் பிறந்த பஞ்சுக் குஞ்சு சீக்கிரம் நனைந்து விறைக்கும். விளிம்பு ஏற முடியாமல் மூழ்கியும் சாகும். முதல் வாரம் கழித்து, வெயில் நேரத்தில், ஆழமில்லாத வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் விடலாம். ஏறி வர ஒரு செங்கல் வையுங்கள். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். எடுத்ததும் துடைத்துச் சூட்டில் விடுங்கள்.

தீவனத்தில் ஒரு எச்சரிக்கை

தீவனம் தனிக் கட்டுரைக்கு உரியது. ஈரத்தோடு தொடர்புள்ள ஒன்றை மட்டும் சொல்கிறேன். நனைந்த தீவனத்தை உலர்த்தி மறுபடி போடாதீர்கள். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. தேடிப் பார்த்தபோது, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சு என்று தெரிந்தது. அதுதான் அஃப்ளாடாக்சின். வாத்துக் குஞ்சு அந்த நஞ்சுக்கு எவ்வளவு எளிதில் பலியாகும் என்றால், அந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கவே பிறகு ஒரு நாள் வாத்துக் குஞ்சைப் பயன்படுத்தினார்கள். கோழி தாங்கும் அளவை வாத்துக் குஞ்சு தாங்காது. பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம், பழைய பிண்ணாக்கு இரண்டையும் கண்ணால்கூடக் காட்டாதீர்கள். ஒரு வேளைக்குத் தின்று முடிக்கும் அளவே வையுங்கள். மிஞ்சியதை அள்ளிக் குப்பைக் குழியில் போடுங்கள்.

கோழிக் குஞ்சுத் தீவனம் வாங்கினால், ரத்தக்கழிச்சல் மருந்து கலக்காததா என்று கேளுங்கள். அந்த மருந்தின் அளவு கோழிக்குக் கணக்கிட்டது. வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்ற பி வைட்டமின் கோழிக் குஞ்சைவிட அதிகம் தேவை. அது குறைந்தால் கால் வளைந்து நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும். வெறும் நொய்யும் சோறும் போட்டு வளர்த்த குஞ்சுகளில் இதைப் பார்க்கலாம். கால் தள்ளாடத் தொடங்கிய அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டி வைட்டமின் மருந்து வாங்கிக் கொடுங்கள். நாள் கடந்தால் நிமிராது.

வீட்டு மனிதர்களுக்காக

நாங்கள் செய்த முதல் தவறு சமையலறைக்குப் பக்கத்தில் வைத்தது. வாத்துக் குஞ்சு பார்க்கத் திடமாக இருந்தாலும் அதன் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குஞ்சை முத்தமிடுவது, மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவது, அதன் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவுவது மூன்றையும் தவிருங்கள். கை கழுவ வாசலிலேயே சோப்பு இருக்கட்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளும் முதியவர்களும் எச்சத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போன என் மாமியார் மீது அன்று எனக்கு வருத்தம். இன்று யோசித்தால் அவர் செய்ததுதான் சரி.

கேரளத்தின் ஆலப்புழா பகுதியில் 2014-லும் 2024-லும் வாத்துகளிடையே பறவைக் காய்ச்சல் வந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். வெளியே மேயும் வாத்துகளோடு புதிய குஞ்சுகளை உடனே கலக்காதீர்கள். காரணம் தெரியாமல் பல வாத்துகள் ஒரே நேரத்தில் செத்தால் புதைத்துவிட்டுச் சும்மா இருக்காமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

மூன்று, நான்கு வாரத்தில், மழை இல்லாத பகல் பார்த்துக் குஞ்சுகளை வெளியே பழக்கலாம். இரவில் எலி, பெருச்சாளி, கீரி, நாய் நுழையாத அடைப்பு அவசியம்.

கணக்கில் வராத வேலை

இப்படிச் சொன்னால் இரண்டு பதில்கள் வரும். முதலாவது, "எங்க பாட்டி கோழியைத்தான் அடை வெச்சு வாத்து முட்டையைப் பொரிச்சாங்க, இந்தத் தொல்லையெல்லாம் ஏது?" என்பது. உண்மைதான். 28 நாள் பொறுமையாக உட்காரும் அடைக்கோழி கிடைத்தால் சூட்டுக் கவலை அதனுடையது. ஆனால் ஒரு கோழி எட்டு, பத்து முட்டைக்கு மேல் தாங்காது. 25 குஞ்சு, 50 குஞ்சு என்று வாங்கச் சொல்லும் காலத்தில் அந்தத் தாய் வேலையைச் செய்யப்போவது நாம்தான்.

இரண்டாவது, "மேய்ச்சல் வாத்துக்காரங்க ஆயிரக்கணக்கில் வளர்க்கறாங்களே" என்பது. அவர்கள் தலைமுறையாகக் கற்றவர்கள். மந்தையோடு மந்தையாக இரவும் பகலும் இருப்பவர்கள். அதே தொழிலறிவு ஓர் அட்டைப்பெட்டிக் குஞ்சோடு நம் வீட்டுக்கு வந்துவிடாது. யாராவது சொல்லித்தர வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை மூன்று. ஒன்று, வாத்துக் குஞ்சு விற்பவர்களுக்கும், தொண்டு நிறுவனங்கள் வழியாகவோ திட்டங்கள் வழியாகவோ கொடுப்பவர்களுக்கும். முதன்முறை வளர்ப்பவர்களுக்கு ஒரு நாள் குஞ்சைக் கொடுக்காதீர்கள். நம் மாநிலத்தில் நாட்டுக்கோழித் திட்டங்களில் நான்கு வாரக் குஞ்சுகளைக் கொடுக்கும் நடைமுறை இருக்கிறது. அதே அறிவு வாத்துக்கும் பொருந்தும். விலை சற்றுக் கூடினாலும் சாவு குறையும். செத்த ஒன்பது குஞ்சின் விலையையும் சேர்த்துப் பார்த்தால் எங்களுக்கு ஒரு நாள் குஞ்சு மலிவாக அமையவில்லை.

இரண்டு, பயிற்சி நடத்துபவர்களுக்கு. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்களிலும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் நல்ல பயிற்சிகள் நடக்கின்றன. அவற்றில் இனம், முட்டை, விற்பனை பற்றிச் சொல்லும்போது, ஒரு தண்ணீர் மூலையைச் செய்தும் காட்டுங்கள். பணம் போடுபவரை மட்டும் அழைக்காமல், வீட்டில் கூளம் மாற்றப்போகிறவரையும் அழையுங்கள். என் கணவர் பயிற்சிக்குப் போயிருந்தாலும், அந்த மூன்று வாரம் அங்கே நின்றது நான்தான்.

மூன்று, குஞ்சு வாங்கப் போகும் குடும்பங்களுக்கு. வாங்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். தினம் காலை அரை மணி, மாலை அரை மணி இந்த வேலையை யார் செய்வது? அந்த நாட்களில் அவருடைய வேறு எந்த வேலையை யார் எடுத்துக்கொள்வது? இதற்கு விடை கிடைத்த பிறகு குஞ்சு வாங்குங்கள். விடை கிடைக்கவில்லை என்றால், அந்த ஆண்டு வாங்காமல் இருப்பதில் தவறு இல்லை.

அடுத்த ஆண்டு தை மாதத்தில், மழை ஓய்ந்த பிறகு, மீண்டும் 20 குஞ்சு வாங்கினோம். மாட்டுக் கொட்டகையை ஒழுகலில்லாமல் கூரை மாற்றி, தண்ணீர் மூலையை முதலில் கட்டி, உமி கொண்டுவந்து கொட்டி, அதன் பிறகுதான் குஞ்சு வந்தது. மாலை வேளையில் தட்டை எடுத்து வாழைக்குக் கொட்டுவது என் கணவரின் வேலை என்று முன்பே முடிவாகியிருந்தது. நாற்றமே இல்லை என்று சொல்லமாட்டேன். வாத்து இருக்கும் இடத்தில் வாத்து வாசம் இருக்கும். ஆனால் என் மாமியார் கொட்டகை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவற்றை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று செத்தது. 19 வயலுக்குப் போயின.

உங்கள் வீட்டுக்கும் குஞ்சு வரப்போகிறது என்றால், அட்டைப்பெட்டியைத் திறப்பதற்கு முன் தண்ணீர் எங்கே விழப்போகிறது என்று பார்த்துவிடுங்கள்.